பாரேயின் மேல் விழுந்த செங்கற்கள்

தர்சியின் இடது கைச் சுண்டுவிரலை வார்யோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒடித்தான். "கோவிச்சுக்காதேக்கா, இதுல எனக்கென்ன சந்தோஷமா" என்று சொல்லிக்கொண்டே விரலைப் பின்னால் மடக்கினான். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. தர்சி போட்ட அலறலுக்குத் தெருவே திரண்டிருக்க வேண்டும். ஆனால் பக்கத்துச் சந்தில் கல்யாணம். ஆளுயர ஒலிப்பெட்டிகளை அடுக்கிக் காலையிலிருந்து டங்டுட் பாட்டைப் போட்டுக் காதைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் ஆட்டை அறுத்தாலும் தெரியாது, ஆளை அறுத்தாலும் தெரியாது. வார்யோ நாள் பார்த்துத்தான் வந்திருந்தான்.

அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தவனுக்குக் கெபோ என்று பெயர். எருமை என்று அர்த்தம். பெற்றவர்கள் வைத்தது வேறு பெயராக இருக்கும், யாரும் கேட்டதில்லை. உள்ளே நுழைந்ததும் கடையின் முன்பலகைகளைச் சாத்திக் கொண்டி போட்டவன், அடுப்பை அணைக்க மறந்துவிட்டான். எண்ணெய் பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருந்தது. புளித்த சோயாவில் செய்த தெம்பே துண்டுகள் மாவில் ஊறிக் கிடந்தன. அந்தத் தெம்பே பஜ்ஜியை, மெந்தோவானை, பொரிப்பதில் தர்சியை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. வெந்தும் வேகாமலும் துவளத் துவள எடுக்க வேண்டும். மொறுமொறுப்பாக எடுத்தால் சிலாச்சாப் ஊர்க்காரன் வாயில் வைக்க மாட்டான்.

வலது கையை மட்டும் அவர்கள் தொடவில்லை. அது எழுதுகிற கை.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா. கெபோவே ஐஸ் வெச்சுக் கட்டி விடுவான்," என்றான் வார்யோ.

"உங்கம்மாவுக்குக் கட்டி விடச் சொல்லு," என்றாள் தர்சி.

கெபோ அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். உதடு கிழிந்தது. பச்சை மிளகாய்க் கிண்ணம் உருண்டு கீழே விழுந்து, மிளகாயெல்லாம் அவள் காலடியில் சிதறியது.

வார்யோ மூன்று ஊர்களில் ஆள் பிடிக்கிறவன். வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டிப் பிள்ளைகளைக் கிளப்பி விடுவதுதான் பிழைப்பு. கம்புங் ரந்தாவில் பாரே என்கிற பெயரில் ஒருத்தி அவனை வருஷக்கணக்காக நார்நாராகக் கிழித்துக்கொண்டிருந்தாள். தான் வாரம் தவறாமல் வந்து மெந்தோவான் தின்கிற இந்தக் கடைத் தர்சிதான் அவள் என்பது அவனுக்கு முந்தின நாள்வரை தெரியாது. தெரிந்தபோது தின்றதெல்லாம் நெஞ்சில் நின்றிருக்கும்.

கம்புங் ரந்தாவ் என்பது நிஜமான ஊர் இல்லை. தைவானுக்கும் ஹாங்காங்குக்கும் வீட்டு வேலைக்குப் போனவர்கள், மீன்பிடிக் கப்பலுக்குப் போனவர்கள், போகப்போகிறவர்கள் எல்லாரும் செல்போனில் கூடிப் பேசுகிற இடம். ஆரம்பத்தில் அது சாக்கடையாகத்தான் இருந்தது. "முதலாளியம்மா பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வெச்சிருக்கா, என்ன செய்யறது?" என்று ஒருத்தி அழுதுகொண்டே எழுதுவாள். அதற்குக் கீழே ஒருவன் இடுப்பு மெலிகிற தேயிலை விற்பான். அதற்குக் கீழே ஒருவன் லாட்டரி எண் சொல்வான். கேட்டவள் கதி என்ன ஆயிற்று என்று எவனுக்கும் கவலை இல்லை.

பிறகு அதை நடத்துகிறவர்கள் பச்சைக் கட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல பதில் எழுதினால் படித்தவர்கள் ஒரு கிண்ணம் செண்டோல், தேங்காய்ப்பாலில் மிதக்கிற பச்சை இனிப்பு, கொடுப்பார்கள். நிஜச் செண்டோல் இல்லை, திரையில் வருகிற பச்சைப் படம். செண்டோல் சேரச் சேர எழுதினவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் கட்டம் ஏறும். பொய்யோ விளம்பரமோ எழுதினால் செங்கல். செங்கல் விழ விழக் கட்டம் சிவக்கும். செங்கல் எறிகிறவர் ஏன் எறிகிறார் என்று ஒரு வரி எழுத வேண்டும். பச்சை இல்லாதவன் எழுதுவது வாசலிலேயே நிற்கும். காவல் பார்க்கிறவர்கள் படித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பச்சை நிறைந்தவர் எழுதினாலோ கேள்வி கேட்பாரில்லை, அந்த நிமிஷமே எல்லார் செல்போனிலும் மணி அடிக்கும். சிவப்பாகிப் போனவர்களையும் அங்கே வெளியே தள்ளுவதில்லை. அடைத்து வைக்கப்பட்ட எவளுக்காவது அதுதான் ஒரே ஜன்னலாக இருக்கலாம் என்று ஒரு நினைப்பு. ஆனால் அவர்கள் எழுதுவது மூடியே கிடக்கும். வேண்டுமென்கிறவர் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

சாக்கடை வற்றியது. பாரேயின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிரம்பி வழிந்தது. பாரே என்றால் பாகற்காய். தைவானில் படுத்த படுக்கையான கிழவியைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி முதுகு தேய்ந்து திரும்பியவளுக்கு இனிப்பாக எழுத வராது. "எல்லா ஏஜென்டும் திருடன்தான், இவன் எவ்வளவு திருடன்னு மட்டும் பார்ப்போம்" என்றுதான் ஆரம்பிப்பாள். பாரே போகலாம் என்றால் பெண்கள் போனார்கள். வேண்டாம் என்றால் கட்டின மூட்டையை அவிழ்த்தார்கள்.

திருடனும் சும்மா இருப்பானா? வாசலில் காவல் வந்ததும், காவல்காரன் சலாம் போடுகிற ஆள் யார் என்று தேட ஆரம்பித்தான். கடலுக்கு அப்பால், எல்லை ஓரமாக, முள்வேலி போட்ட கட்டடங்களில் கோழி வளர்ப்பதுபோலக் கணக்கு வளர்த்தார்கள். ஓட்டல் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போன பிள்ளைகளை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு தட்டு நிறையச் செல்போன் கொடுத்து, நாள் முழுக்க நல்ல வார்த்தை எழுத வைத்தார்கள். "அருமையாச் சொன்னீங்கக்கா, அல்லாஹ் பரக்கத் செய்வான்." அவ்வளவுதான். எங்கே பார்த்தாலும் இந்தச் சர்க்கரைப் பாகு. ஒரு கணக்கு பச்சையானதும் அதில் தூண்டில் போடுவார்கள். ஆனால் கம்புங் ரந்தாவின் பழைய பெண்களுக்கு மூக்கு நீளம். நடை மாறினால் கண்டுபிடித்துச் செங்கல் மாரி பொழிந்துவிடுவார்கள். அதனால் முள்வேலிக்காரர்களுக்குப் பச்சைக் கணக்கு மட்டும் போதவில்லை. எழுதுகிற கையும் வேண்டியிருந்தது.

வார்யோ தன் செல்போனை மேசைமேல் சாய்த்து வைத்தான். அதில் தர்சியின் தங்கை வினார்த்தி தெரிந்தாள்.

ஆறு மாதத்துக்கு முன் பினாங்கில் ஓட்டல் வேலை என்று போனவள். அக்கா வேண்டாம் என்று சொன்ன ஒரே காரணத்துக்காகச் சொல்லாமல் போனவள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பின்னால் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை.

"அக்கா," என்றாள் வினார்த்தி. "நான்தான் சொன்னேன். பாரே யாருன்னு நான்தான் சொன்னேன். நகத்தைப் பிடுங்கினாங்கக்கா. ரெண்டு நகம் வரைக்கும் பொறுத்தேன்."

"சாப்பிட்டியா?" என்றாள் தர்சி. அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

வினார்த்தி பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு அவள் கழுத்தில் ஷாக் அடிக்கிற ஒரு கருப்புக் கோலை வைத்தது. உடம்பு முழுதும் தூக்கிப் போட்டது. நாற்காலியோடு சாய்ந்தாள். திரையில் வெறும் கூரைதான் தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. தர்சி எழப் பார்த்தாள். கெபோ அவள் முழங்காலுக்குப் பின்னால் உதைத்தான்.

"நிறுத்தச் சொல்லு," என்றாள் தர்சி. "எழுதறேன். நிறுத்தச் சொல்லுடா, நாயே."

வார்யோ சொன்னான். சத்தம் நின்றது.

எழுத வேண்டியதை அவன் கொண்டுவந்திருந்தான். கடலோர ஓட்டலில் வேலை, நல்ல சம்பளம், விமானச் சீட்டு இலவசம், இருநூறு பேர் வேண்டும், பெண்களும் வரலாம். தர்சி படித்துப் பார்த்தாள். இருநூறு கழுத்து, இருநூறு கருப்புக் கோல் என்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"இப்படியே போட்டா எவளும் நம்ப மாட்டா," என்றாள், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

"அதுக்குத்தானே உங்கிட்ட வந்தோம். உன் பாஷையில எழுது. கசப்பா எழுது. பாகற்காய் மாதிரி எழுது." அவனுக்குச் சிரிப்பு வந்தது. "என்னைத் திட்டி எழுதினப்போ எப்படி எழுதின, அப்படி."

எழுதினாள். 'எல்லா ஏஜென்டும் திருடன்தான். இவனைத் துருவித் துருவிப் பார்த்தேன்; கொஞ்சம் சின்னத் திருடனாத் தெரியறான்' என்று தன் செல்போனில் ஆரம்பித்தாள். வேண்டுமென்றே மோசமாக எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தாள். வார்யோ வரிக்கு வரி படித்தான். சப்பென்று இருந்த வரிக்கெல்லாம் தலையாட்டி மறுத்தான். ஒரு தடவை அவள் தப்பாக எழுதியபோது மோதிர விரலையும் ஒடித்தான். இந்தத் தடவை மன்னிப்புக் கேட்கவில்லை. முடித்துவிட்டுத் தர்சி தானே படித்துப் பார்த்தாள். இதை வேறு யாராவது எழுதியிருந்தால் அவளே நம்பியிருப்பாள். இத்தனை வருஷம் உண்மை சொல்லிச் சொல்லிப் பழகிய கைக்குப் பொய்யையும் உண்மைபோலத்தான் எழுத வந்தது.

இனி வார்யோ ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எல்லார் செல்போனிலும் மணி அடிக்கும். பாரே சொல்லிவிட்டாள் என்று ஊர் ஊராக மூட்டை கட்டுவார்கள். தர்சிக்குக் கை வலி மறந்துபோனது. பேரை வைத்துத்தானே இவர்கள் வந்திருக்கிறார்கள், அந்தப் பேரே இல்லாமல் போனால் என்ன செய்வார்கள் என்று யோசித்தாள். அடித்துக் கொன்றாலும் ஒருவன் இன்னொருவனுக்குப் பேர் வாங்கித் தர முடியாது. ஆனால் பேரைக் கெடுத்துக்கொள்வது கஷ்டமில்லை.

"முகப்புல போடப்போறியா?" என்று கேட்டாள், எங்கோ பார்த்துக்கொண்டு.

"பின்னே?"

"போடு. இன்னிக்கு அங்க ஈ ஓட்டிட்டு இருப்பாங்க. எல்லாரும் மய்யித்துப் பந்தல்ல இருக்காங்க."

மய்யித்துப் பந்தல் என்று அவர்கள் சொல்வது கருப்புக் கரை போட்ட பக்கத்தை. வெளிநாட்டில் யாராவது செத்தால் அங்கே பெயர் வரும். அன்று வந்திருந்தது தெகால் ஊர்ப் பையன் ஒருவன் பெயர். மீன்பிடிக் கப்பலில் அடிபட்டுச் செத்தவனைத் துணியில் சுற்றிக் கடலில் போட்டுவிட்டார்கள். அவன் அம்மா எழுதியிருந்தாள்: 'என் பிள்ளைக்குக் கபுர் இல்லை. நீங்கள் ஓதுகிறதுதான் அவனுக்குக் கபுர்.' அதற்குக் கீழே, செத்தவருக்காக ஓதுகிற பாத்திஹா ஆயிரக்கணக்கில். வேறு ஒரு சொல் கிடையாது. அந்தப் பந்தலில் ஓதுவதைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் போடவில்லை. போடவேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. திருமணம் முடிந்த சந்தோஷத்தைக்கூட அந்தப் பக்கம் வந்து ஒருத்தியும் சொன்னதில்லை.

வார்யோ பக்கத்தைத் திறந்து பார்த்தான். எத்தனை பேர் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண் மேலே ஓடியது. அவனுக்குக் கண் விரிந்தது. கம்புங் ரந்தாவில் அவன் கழித்த வருஷங்களெல்லாம் தலைகளை எண்ணித்தான் போயின. அங்கே என்ன பேசுகிறார்கள் என்று ஒரு நாளும் படித்ததில்லை. எல்லைக்கு அப்பால் இருந்த பாஸுக்குச் சொன்னான். அந்த ஆளும் எண்ணைப் பார்த்தான். "அங்கயே போடு. நம்ம கணக்குங்களை விட்டு ஆஹா ஓஹோன்னு எழுதச் சொல்றேன்," என்று சொன்னது தர்சிக்குக் கேட்டது.

"நீயே அழுத்துக்கா," என்றான் வார்யோ.

தெகால் அம்மாவுக்கு மூன்று மாதமாக ஆறுதல் எழுதியவள் தர்சிதான். கப்பல் கம்பெனிக்கு மனு எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். 'நீ என் வயித்துல பொறக்காத மகம்மா' என்று அந்த அம்மா எழுதியிருந்தாள். தர்சி ஒருமுறை கண்ணை மூடினாள். மனசுக்குள் பாத்திஹா ஓதினாள். பிறகு, அந்தப் பையனின் பெயருக்குக் கீழே, ஓட்டல் வேலைக்கு ஆள் தேவை என்பதை அழுத்திப் போட்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. கல்யாணப் பாட்டு மட்டும் சுவரை அதிர வைத்துக்கொண்டிருந்தது. பிறகு ஒருத்தி எழுதினாள்: 'பாரே, இடம் மாறிப் போட்டுட்டியா?' இன்னொருத்தி: 'இது யார் பந்தல்னு தெரியுமா உனக்கு?' அடுத்து, செத்த பையனின் அம்மாவே எழுதினாள். 'உன் வீட்டில் பிணம் விழும்போது இப்படி ஒருத்தி வந்து கடை போடட்டும்.'

தர்சி அதைப் படித்தாள். விரல் ஒடிந்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

முதல் செங்கல் விழுந்தது.

"இரு, நம்ம ஆளுங்க வந்துடுவாங்க," என்றான் வார்யோ. வந்தார்கள். எல்லாம் பச்சைக் கட்டத்தோடு மினுமினுவென்று வந்தார்கள். ஆனால் செண்டோல் கொடுக்கவில்லை. ஒரு பச்சைக் கணக்கு செங்கல் எறிந்தது. அடுத்ததும் எறிந்தது. பச்சை நிறைந்தவர் எறிகிற செங்கலுக்குக் கனம் அதிகம். ஒவ்வொன்றுக்கும் பாரேயின் கட்டம் ஒன்று அணைந்தது. வரிசையாக, இடைவெளி விடாமல், முன்பின் தெரியாத பெயர்களிலிருந்து விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு செங்கலுக்கும் கீழே காரணம் ஒரே வரிதான் எழுதியிருந்தது.

'மெந்தோவான் கருகிப்போச்சு.'

வினார்த்தி சின்ன வயதில் அடுப்பருகே நின்று அக்காவைச் சீண்டுகிற வார்த்தை அது. துவளத் துவள எடுத்தாலும், "மெந்தோவான் கருகிப்போச்சு" என்று கத்திவிட்டு ஓடுவாள். கரண்டி பின்னாலேயே பறக்கும். இப்போது கடலுக்கு அப்பால், ஆஹா ஓஹோ எழுதத் தூக்கி உட்கார வைத்த இடத்தில், தன் தட்டிலிருந்த செல்போனையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, நகமில்லாத விரலால் அக்காவைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தாள். அக்கா பந்தலுக்குள் எதற்கு வந்தாள் என்று அவளுக்கு ஒருத்திக்குத்தான் புரிந்திருந்தது.

வார்யோவுக்கு அந்த வரி புரியவில்லை. ஆனால் செங்கல் எறிகிற செல்போன்கள் எந்த மேசையில் இருக்கின்றன என்று பாஸுக்குத் தெரியும்.

மேசைமேல் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து கத்தல் வந்தது. நாற்காலி உடைகிற சத்தம். பிறகு வினார்த்தியின் குரல், முதலில் வார்த்தையாக, அப்புறம் வார்த்தை இல்லாமல். அதற்குள்ளும் இன்னொரு செங்கல் விழுந்தது. பாதி வரிதான் இருந்தது: 'மெந்தோ.' அத்தோடு நின்றுவிட்டது.

"என்னடீ பண்ணீங்க ரெண்டு பேரும்?" என்று வார்யோ தர்சியின் கழுத்தைப் பிடித்தான். பெல்ட்டைக் கழற்றிப் பக்கிளால் அடித்தான். நெற்றி பிளந்தது. கெபோ அவளை இழுத்து அடுப்பின் பக்கம் தள்ளினான். முகத்தை எண்ணெயில் முக்குகிற யோசனை அவனுக்கு. அது அவன் செய்த தப்பு. காலமெல்லாம் அந்த அடுப்பின் முன்னால் நின்றவள் அவள். வலது கையால் சட்டியின் காதைப் பிடித்து, வெறுங்கையால்தான், அப்படியே அவன் பக்கம் சாய்த்தாள்.

வயிற்றிலிருந்து பாதம்வரை கொதிக்கிற எண்ணெய். கெபோ போட்ட அலறல் எருமையின் அலறல்தான். சரியாக அப்போது பக்கத்துச் சந்தில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பிக்கவில்லை. அவ்வளவு நேரம் தர்சி அலறியது ஒருத்தர் காதிலும் விழவில்லை. அவன் அலறியது ஊருக்கே கேட்டது. கல்யாண வீட்டார் பலகையை உடைத்துக்கொண்டு வந்தார்கள். அதற்குள் வார்யோ தர்சியின் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவிட்டான். கெபோ தரையில் உரித்த தோலோடு துடித்துக்கொண்டிருந்தான். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்துவிட்டது என்று தர்சி சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் தங்கை உயிர் போய்விடும் என்று பயந்தாள்.

பேசாமல் இருந்தும் போய்விட்டது. மாடியிலிருந்து தவறி விழுந்ததாக ஒரு காகிதமும், ஆணி அடித்த பெட்டியும் வந்தன. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். தர்சி திறந்து பார்த்தாள். தங்கையைத் தன் கையாலேயே குளிப்பாட்டினாள். விழுந்த உடம்பு எப்படி இருக்கும், அடித்த உடம்பு எப்படி இருக்கும் என்று தெரியாதவள் இல்லை அவள். காவல் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். வார்யோவை அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

மய்யித்துப் பந்தலில் வினார்த்தியின் பெயர் வந்தது. ஊரிலிருந்து எவரோ எழுதியிருந்தார்கள். தர்சி புதிதாக ஒரு செல்போன் வாங்கி, புதுப் பெயரில் கணக்குத் திறந்து, தங்கைக்குப் பாத்திஹா எழுதினாள். புதுக் கணக்குக்கு ஒரு பச்சைகூட இல்லை. 'உங்கள் பதிவு பார்வைக்குக் காத்திருக்கிறது' என்று வந்தது.

ஏழாம் நாள் தஹ்லீல் ஓதுவதற்குக் கம்புங் ரந்தாவ் பெண்கள் வந்தார்கள். அது அவர்கள் வழக்கம். பக்கத்து ஊர்களில் மய்யித்து என்றால் அரிசியும் முட்டையும் எடுத்துக்கொண்டு வந்து சமையலுக்கு நிற்பார்கள். குரோயாவிலிருந்து வந்த ரொபிங்கா என்பவள் வந்ததும் வராததுமாக வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். ஹாங்காங்கில் இருந்து திரும்பியவள், வாய் ஓயாதவள். தர்சி எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். இரண்டு விரல் கோணிக்கொண்டு நின்றது. உள்ளங்கைத் தோல் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது.

"கையில என்னக்கா?" என்றாள் ரொபிங்கா.

"எண்ணெய்ச் சட்டி."

"பார்த்துக்கா." ரொபிங்கா குரலைத் தாழ்த்தினாள். "உங்க தங்கச்சி பந்தல்ல ஒரு அநியாயம் நடந்துது, தெரியுமா? பாரேன்னு ஒரு முண்டை இருக்கா. காலையில மறுபடியும் வந்து ஓட்டல் வேலைன்னு கடை விரிச்சுட்டா. செத்த பிள்ளை பேருக்குக் கீழயே. சிவப்புங்கறதால மூடித்தான் இருந்துது. நான் தொறந்து பார்த்துட்டு இன்னொரு கல்லைப் போட்டேன்."

தர்சி தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள். வார்யோவின் ஆட்கள் செத்த கணக்கைக்கூட விடவில்லை. எங்கே கூட்டம் தெரிகிறதோ அங்கே போய்ப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கதவு சாத்தியிருப்பதால்தான் யாரும் விழவில்லை.

"அவ கணக்கை எவனாவது திருடியிருப்பான்," என்றாள் கிணற்றடியிலிருந்து இன்னொருத்தி. "பாரே அப்படிப்பட்டவ இல்ல. பாவம், அவளுக்கு எல்லாரும் சேர்ந்து செண்டோல் போட்டுப் பச்சையாக்கி விடணும்னு சில பேர் சொல்றாங்க."

"திருட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. தெகால் பையன் பந்தல்ல போட்டதை நான் படிச்சேன். அது அவ கையேதான். அவளைத் தவிர ஒருத்தி அப்படி எழுத முடியாது. என் நாத்தனார் மகளையே அவ சொல்லித்தான் தைவானுக்கு அனுப்பினோம். நல்லவேளை, நல்ல வீடு." ரொபிங்கா வெங்காயத்துக்கா மற்றதற்கா என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அவளை எவ்வளவு பிடிக்கும் தெரியுமாக்கா? அதான் ஆத்திரம் ஆறல."

தர்சி அவள் எதிரில் உட்கார்ந்தாள். நான்தான் பாரே என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். சொன்னால் இந்தப் பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள். ராத்திரிக்குள் ஊர் ஊராகச் செண்டோல் பொழியும். பச்சை ஏறும். கணக்கு இன்னமும் வார்யோவின் சட்டைப்பையில் இருக்கிறது.

"அவளுக்கு விழுந்த கல்லையெல்லாம் பார்க்க முடியுமா?" என்று கேட்டாள்.

ரொபிங்கா செல்போனை எடுத்துத் திறந்து கொடுத்தாள். தர்சி கீழே, கீழே, ரொம்பக் கீழே தள்ளிக்கொண்டு போனாள். வசவுகளைத் தாண்டி, தெகால் அம்மா எறிந்த கல்லையும் தாண்டிப் போய், அந்த வரிகள் வந்ததும் நிறுத்தினாள். ஒவ்வொன்றாகப் படித்தாள். எல்லாவற்றுக்கும் மேலே பாதியில் நின்றுபோன அந்த ஒன்றின் மேல் கட்டைவிரலை வைத்து, வெகுநேரம் எடுக்காமல் இருந்தாள். தங்கை இந்த உலகத்தில் கடைசியாக எழுதியது அதுதான்.

"செண்டோல் போட விடாதே," என்றாள் தர்சி. "யார் கேட்டாலும் விடாதே. பச்சை திரும்பவே கூடாது. இன்னொரு கல்லு போடும்மா."

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான் விடுவான். நாளைக்கு மறக்காமப் போடறேன்க்கா."

"என்ன காரணம்னு எழுதுவே?"

"அதான் வாய்க்கு வந்ததைத் திட்டி எழுதுவேன். நீங்க சொல்லுங்களேன், உங்க தங்கச்சி பந்தல்தானே."

"மெந்தோவான் கருகிப்போச்சுன்னு எழுது."

ரொபிங்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீடு என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தர்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்காமல், மறந்துவிடாதபடி அதைச் செல்போனில் குறித்து வைத்துக்கொண்டாள்.